வீடு புதுப்பிக்கிறீர்களா? வயரிங்கை முதலில் கவனியுங்கள்

கீழே கடை, மேலே குடியிருப்பு என்று வாழ்பவர்கள் நம்மில் பலர். வீட்டில் கல்யாணம் கூடிவந்தால் உடனே கொத்தனாரையும் பெயிண்டரையும் அழைத்துவிடுகிறோம். அந்தச் செலவுப் பட்டியலில் இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்தபடியே கைபேசியில் மோட்டாரை நிறுத்தலாம், படுக்கையிலிருந்தே கடை முன்விளக்கை அணைக்கலாம் என்கிறார்கள். உண்மைதான். நாளுக்குப் பத்து முறை படியேறி இறங்கும் நமக்கு இதை ஆடம்பரம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. வாங்கும் வரிசையில்தான் தவறிவிடுகிறோம்.

நாமும் அப்படித்தான் தவறினோம். சாமானைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று, வண்ணம் அடித்து முடித்த பிறகே எலக்ட்ரீஷியனை அழைத்தோம். மாடிப்படி சுவிட்சைக் கழற்றிப் பார்த்தவர், "இதுல நியூட்ரலே வரலையே அண்ணாச்சி" என்றார்.

சாதாரண சுவிட்சு பேஸ் கம்பியைச் சேர்ப்பதும் பிரிப்பதும் மட்டுமே செய்கிறது. அதற்கு நியூட்ரல் தேவையில்லை. ஆனால் சுவிட்சுக்குப் பின்னால் வைக்கும் சிறு கருவி, விளக்கு அணைந்திருக்கும்போதும் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும். அதற்குப் பேஸ், நியூட்ரல் இரண்டும் வேண்டும். பிளக் உள்ள போர்டில் நியூட்ரல் வந்திருக்கும். மாடிப்படி, கட்டிலோர இருவழி சுவிட்சுகளில் பெரும்பாலும் இருக்காது. நியூட்ரல் வேண்டாத வகையும் விற்கிறார்கள். அதை மாட்டினால் சில எல்.இ.டி. பல்புகள் அணைத்த பிறகும் மினுக்கும். புதுச் சுவரில் மறுபடி காடி வெட்டினோம். கொத்தனார் கூலி, பெயிண்டர் கூலி இரண்டும் இரண்டாம் முறை! கருவியின் விலையைவிட அதுதான் அதிகம்.

ஆகவே பூச்சுக்கு முன்பே எல்லாப் பெட்டிகளுக்கும் நியூட்ரல் இழுக்கச் சொல்லுங்கள். பெட்டி ஆழமாக இருக்கட்டும். இரும்புப் பெட்டி ரேடியோ அலையைத் தடுக்கும். பிளாஸ்டிக் பெட்டி நல்லது.

இனி, எந்த முறை? கடனுக்குச் சரக்கு கொடுக்குமுன் அந்தக் கடை நாளையும் இருக்குமா என்று விசாரிக்கிறோம் அல்லவா? இங்கும் அதே விசாரணை வேண்டும். அமெரிக்காவில் இன்ஸ்டியான் என்ற நிறுவனம் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பின்றித் தன் இணையச் சேவையை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கைபேசியில் அழுத்தினால் விளக்கு எரியவில்லை. அந்த ஜூனில் வாடிக்கையாளர்கள் சிலரே சேர்ந்து அதை வாங்கி மீண்டும் இயக்கினார்கள். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. எனவே விற்பவரிடம் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: இணையம் நின்றாலும் இது வேலை செய்யுமா? ஆம் என்றால் ரூட்டரின் இணைய வயரைப் பிடுங்கிவிட்டுச் செய்துகாட்டச் சொல்லுங்கள். சுவரிலுள்ள சுவிட்சும் பழையபடி இயங்க வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் கைபேசியைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

நாலைந்து விளக்குகள் என்றால் வைஃபை கருவியே போதும். இருபது, முப்பது என்றால் ரூட்டர் திணறலாம். ஜிக்பீ வகையில் மின் இணைப்பிலுள்ள கருவிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செய்தியைக் கடத்துவதால் தடித்த சுவர்களுக்கும் சரிப்படும். 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் என்னும் பொதுமுறையை ஏற்கும் கருவியானால் ஒரே கம்பெனியிடம் மாட்டிக்கொள்ளும் அபாயம் குறைவு. தனி வயர் இழுக்கும் கே.என்.எக்ஸ். முறை உறுதியானது, விலையும் அதற்கேற்றது. நம் அளவு வீட்டுக்கு அது தேவையில்லை என்பது எங்கள் எண்ணம்.

மோட்டாரை விளக்குக்கான சிறு கருவியில் நேரடியாக இணைக்கவே கூடாது. கிளம்பும்போது மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும், கருவி கருகிவிடும். ஸ்டார்ட்டரை இயக்கும்படி மட்டும் அமைத்து, தொட்டியில் மிதவை சுவிட்சையும் வையுங்கள்.

கரண்ட் போய்த் திரும்பும்போது விளக்குகள் எந்த நிலைக்கு வரும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நடுராத்திரி வீடு முழுக்கப் பளிச்சென்று எரிந்து குழந்தைகள் அலறிய கதை எங்கள் வீட்டிலேயே உண்டு. ரூட்டருக்கு இன்வெர்ட்டர் லைனிலிருந்தே இணைப்பு கொடுங்கள்.

பூச்சுக்கு முந்தின நாள், காடிகள் திறந்திருக்கும்போதே, ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பை வைத்துப் படமெடுத்து, வீட்டுப் பத்திரத்தோடு ஒரு பிரதி சேர்த்து வையுங்கள்.