நோயுற்ற நாய்க்கு ஒரு புகலிடம்

நாயை யாரிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போவது என்பதும் வானொலியில் பேசுதற்குரிய ஒரு பொருளா என்று நேயர்களில் சிலர் எண்ணக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன் நானும் அவ்வாறே எண்ணியிருப்பேன். நான் பிறந்து வளர்ந்த வீட்டில் நாய்க்கென்று தனி ஏற்பாடு எதுவும் இருந்ததில்லை. பாட்டி இருந்தார், அத்தை இருந்தார், திண்ணையில் எப்பொழுதும் எவரேனும் ஒருவர் இருந்தார். யார் ஊருக்குப் போனாலும், எஞ்சியவர்கள் உண்டபின் ஒரு கவளம் சோறு வாசலுக்கு வந்துவிடும். இன்று எங்கள் வீட்டில் இருப்பவர்கள் நானும் என் மனைவியுமே. நாங்கள் இருவரும் கதவைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டால், உள்ளே இருக்கும் உயிரின் பசியை அறிய ஆளில்லை. அந்த உயிர் நோயுற்றதாகவும் இருந்துவிட்டாலோ சிக்கல் பன்மடங்காகிறது. அச்சிக்கலில் நான் செய்த பிழை ஒன்றையும், அதன்பின் நான் கற்றுக்கொண்டவற்றையும் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

எங்கள் நாயின் பெயர் பொன்னி. பெயர்பெற்ற இனம் எதையும் சேர்ந்ததன்று. ஓர் ஐப்பசி மழையில் எங்கள் வாசற்படியில் ஒதுங்கிய நாட்டு நாய்க்குட்டி. எட்டு வயதளவும் அதற்கு ஒரு நோயும் வந்ததில்லை. ஒரு கோடையில் அது ஓயாமல் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. வீட்டுக்குள் ஒருநாளும் அசுத்தம் செய்யாத நாய், இரவில் கூடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டுத் தலைகுனிந்து நின்றது. முன்னிலும் அதிகமாகத் தின்றது. ஆனால் விலா எலும்புகள் வெளியே தெரிந்தன. கால்நடை மருத்துவர் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துவிட்டு, "நீரிழிவு" என்றார்.

நாய்க்கும் நீரிழிவு வருமா என்று வியக்க வேண்டியதில்லை. மனிதருக்கு இருப்பது போலவே நாய்க்கும் கணையம் என்னும் உறுப்பு உண்டு. அதில் சுரக்கும் இன்சுலின் என்ற நீர்தான், உணவிலிருந்து வரும் சர்க்கரையை உடலின் அணுக்கள் பயன்படுத்திக்கொள்ள வழி செய்கிறது. அது சுரக்காவிட்டால் சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கிச் சிறுநீரோடு வெளியேறுகிறது. உடலோ உண்டும் பட்டினி கிடக்கிறது. மாத்திரைகளால் பயன் பெறும் நீரிழிவாளர் மனிதரில் பலர். நாய்களுக்கு அந்த வசதி பெரும்பாலும் இல்லை. பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை, உணவை ஒட்டி, இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். கருத்தடை செய்யப்படாத பெண் நாய்களுக்கு இந்நோய் மிகுதியாக வருகிறது. இந்நோய் கண்ட நாய்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண்புரை படர்ந்து பார்வையும் மங்கிவிடுகிறது. பொன்னிக்கும் ஓராண்டுக்குள் இரு கண்களும் பாலாடை படிந்தாற்போல் வெளுத்துவிட்டன.

இங்கே ஒரு பழைய செய்தியை நினைவூட்டுவது பொருந்தும். கணையத்துக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பை உலகம் அறிந்ததே நாய்களால்தான். 1889ஆம் ஆண்டு, அன்று ஜெர்மனியின் ஆட்சியில் இருந்த ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் என்ற இரு அறிஞர்கள் ஒரு நாயின் கணையத்தை அகற்றினார்கள். அந்த நாய்க்கு நீரிழிவு கண்டது. பின்னர் 1921இல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பாண்டிங், பெஸ்ட் என்னும் இளைஞர்கள் இன்சுலினைப் பிரித்தெடுத்ததும் நாய்களை வைத்தே. கணையம் அகற்றப்பட்ட மார்ஜரி என்ற நாய், அவர்கள் எடுத்த சாற்றினால் ஏறக்குறைய 70 நாட்கள் உயிர் வாழ்ந்தது. 1922 ஜனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அம்மருந்து முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. இன்று கோடிக்கணக்கான மனிதரைக் காக்கும் மருந்துக்கு நாய்கள் கொடுத்த விலை இது. பொன்னிக்கு ஊசி போடும்போதெல்லாம் இந்தக் கடன் எனக்கு நினைவுக்கு வரும்.

இனி என் பிழைக்கு வருகிறேன். நெருங்கிய உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக நாங்கள் மூன்று நாட்கள் வெளியூர் செல்ல நேர்ந்தது. கட்டணம் பெற்று நாய்களைப் பேணும் விடுதி ஒன்று பக்கத்து நகரில் இருந்தது. அங்கே விசாரித்தேன். "ஊசி போடுவதெல்லாம் எங்களுக்கு வழக்கந்தான்" என்றார்கள். அச்சொல்லே எனக்குப் போதுமானதாக இருந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில், 'காலை 7 மணிக்கு 8 யூனிட், மாலை 7 மணிக்கு 8 யூனிட்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன். மறுநாள் தொலைபேசியில் கேட்டபோது, "அமைதியாகப் படுத்திருக்கிறது, ஐயா" என்று அங்கிருந்த இளைஞன் சொன்னான். நானும் மகிழ்ந்து பந்தியில் போய் அமர்ந்தேன்.

மூன்றாம் நாள் காலை நாங்கள் திரும்பியபோது பொன்னி எழுந்திருக்கவில்லை. உடல் நடுங்கியது, கால்கள் காற்றில் உதைத்துக்கொண்டன, பெயர் சொல்லி அழைத்தும் காது அசையவில்லை. நடந்தது இதுதான். கண் தெரியாத நாய், புதிய இடம், பல நாய்களின் குரைப்பு. அது அச்சத்தால் உணவைத் தொடவேயில்லை. இளைஞனோ, நான் எழுதியிருந்தபடியே, மணி தவறாமல் முழு அளவு ஊசியைப் போட்டுவந்தான். உணவு இல்லாத உடலில் இன்சுலின் மட்டும் சென்றால், இரத்தத்தில் உள்ள கொஞ்சச் சர்க்கரையும் வற்றிவிடும். அதுவே உயிருக்கு உலை வைக்கும். எதிர்த்த தேநீர்க் கடையிலிருந்து சர்க்கரை வாங்கி, நீரில் குழைத்து ஈறில் தடவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓடினோம். நரம்பின் வழியே குளூக்கோஸ் ஏற்றினார்கள். பிற்பகலில்தான் அது தலை நிமிர்த்தியது. மருத்துவர் என்னைப் பார்த்து, "உண்ணாத வேளையில் ஊசியை என்ன செய்வது என்று எழுதிக் கொடுத்தீர்களா?" என்று கேட்டார். நான் எழுதவில்லை. அந்த இளைஞன் கண்ணீர் விட்டான். அவன்மீது எனக்குச் சினம் வரவில்லை; அவன் என் எழுத்தை அப்படியே நம்பியவன். கேள்வி கேளாமல் பொறுப்பேற்றது விடுதியின் குற்றம். கேள்விக்கு இடமின்றி ஒப்படைத்தது என் குற்றம்.

சென்ற ஆண்டு புனேயில் என் தமையனாருக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்தது. நானும் மனைவியும் இருபது நாட்கள் அங்கே இருக்க வேண்டியதாயிற்று. இரயிலில் முதல் வகுப்பு அறை முழுவதையும் பதிவு செய்துகொண்டால் நாயை உடன் அழைத்துச் செல்ல விதி உண்டு. ஆனால் குருட்டு நாயை நெடும்பயணம் கொண்டுபோய் மருத்துவமனைக்குப் பக்கத்தில் எங்கே வைத்திருப்பது? ஆகவே இம்முறை இடம் தேடும் வேலையைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கினேன்.

இத்தகைய நாயை விடுவதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, தங்கும் வசதியுள்ள கால்நடை மருத்துவமனை. மருத்துவர் அருகில் இருப்பார் என்பது அதன் சிறப்பு. பிற நோயுற்ற பிராணிகளின் நடுவே, கூண்டுக்குள், பெரும்பாலும் இரவில் ஆளின்றிக் கிடக்க நேரும் என்பது அதன் குறை. இரண்டாவது, நாய் விடுதி. உடல்நலமுள்ள நாய்க்கு அது ஏற்றது. மூன்றாவது, ஊசி போடத் தெரிந்த ஒருவர் தம் வீட்டிலோ நம் வீட்டிலோ வைத்துப் பார்த்துக்கொள்வது. பார்வையற்ற நாய்க்கும் முதிய நாய்க்கும் இதுவே பெரும்பாலும் நல்லது. ஆனால் அத்தகையவரைக் கண்டுபிடிப்பது எளிதன்று. நம் நாய்க்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரையே முதலில் கேட்க வேண்டும். வேப்பேரியில் 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி முதலாக நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற இடங்களிலும் கல்லூரிகள் உள்ளன. அத்தகைய ஊர்களை அடுத்திருப்பவர்கள் அங்கும் விசாரிக்கலாம்.

இடத்தைப் பார்க்கப் போகும்போது கேட்க வேண்டிய கேள்விகள் சில. ஊசியைப் போடப்போகிற கை யாருடையது? உரிமையாளரிடம் பேசிவிட்டுத் திரும்பக் கூடாது. அந்தக் கைக்குரியவரையே பார்க்க வேண்டும். இரவில் நாய் இருக்கும் கட்டடத்திலேயே உறங்குபவர் யார்? நள்ளிரவில் கூப்பிட்டால் வரக்கூடிய மருத்துவர் எவர்? இன்சுலினை 2 முதல் 8 பாகை வெப்பத்தில், உறைந்துபோகாமல் வைக்கக் குளிர்பெட்டி உண்டா? மின்சாரம் நின்றால் என்ன செய்வார்கள்? எல்லா நாய்களுக்கும் வெறிநோய், பார்வோ, டிஸ்டெம்பர் ஆகியவற்றுக்குத் தடுப்பூசி போட்ட சான்று கேட்கிறார்களா? நம்மிடம் அந்தச் சான்றைக் கேளாத விடுதி, பிறரிடமும் கேட்டிராது. கேள்விகளுக்குச் சலித்துக்கொள்ளும் இடத்தை விட்டு உடனே வெளியேறிவிடலாம். நம்மைத் திருப்பிக் கேள்வி கேட்கும் இடமே நல்ல இடம்.

ஊசிக் குழலைப் பற்றித் தனியே ஒரு சொல். நம் நாட்டுக் கடைகளில் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ள இன்சுலினும் உண்டு. 100 யூனிட் உள்ளதும் உண்டு. அவற்றுக்கான குழல்களும் வேறு. வழக்கமாக 40க்கு உரியதன் மூடி சிவப்பு. 100க்கு உரியதன் மூடி ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தை 40க்குரிய குழலில் எடுத்து எண்ணை மட்டும் பார்த்துப் போட்டால், இரண்டரை மடங்கு மருந்து உடலில் ஏறிவிடும். ஆகவே மருந்தோடு குழல்களையும், போதிய அளவு நாமே வாங்கிக் கொடுத்துவிட வேண்டும்.

நோய்க்கு ஏற்பத் தேவையும் மாறும். வலிப்பு நோயுள்ள நாய்க்கு மாத்திரை ஒரு வேளை தவறினாலும் வலிப்பு மூளலாம். காது கேளாத நாயைப் பின்னாலிருந்து தொட்டு எழுப்பினால் அது திடுக்கிட்டுக் கடிக்கக்கூடும். நம் இராசபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு காணப்படுவதுண்டு. அவற்றை வளர்ப்போர் இதைச் சொல்லியே ஒப்படைக்க வேண்டும். மூட்டு நோயுள்ள நாய்க்கு வழுக்கும் தரை ஆகாது. வெடிச் சத்தத்துக்கு அஞ்சும் நாயைத் தீபாவளிக் காலத்தில் எங்கும் விட்டுச் செல்லாதிருப்பதே நன்று.

என் தேடலின் முடிவில் எங்கள் மருத்துவர் ஒரு வழி காட்டினார். ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவரும் அவர் மனைவியும் நான்கு தெரு தள்ளிக் குடியிருந்தார்கள். அந்த அம்மையாரே நீரிழிவுக்காரர். நாள்தோறும் தமக்குத் தாமே ஊசி போட்டுக்கொள்பவர். நான் வாய் திறக்குமுன் அவர் கேட்ட முதற்கேள்வி, "சாப்பிடாவிட்டால் எத்தனை போட வேண்டும், ஐயா?" என்பது. அந்தக் கணமே என் மனப்பாரம் பாதி இறங்கிவிட்டது.

ஆயினும் அவசரப்படவில்லை. முதலில் ஒரு பகற்பொழுது விட்டுப் பார்த்தோம். பிறகு ஓர் இரவு. பொன்னியின் பழைய விரிப்பைத் துவைக்காமல் அப்படியே கொண்டுபோய்ப் போட்டோம். கண்ணில்லாத நாய்க்கு மோப்பமே வீடு. தண்ணீர்ச் சட்டிக்கு முன்னால் அந்த அம்மையார் ஒரு தென்னைநார் மிதியடியை இட்டார். பாதத்தில் நார் உறுத்தினால் தண்ணீர் அங்கே இருக்கிறது என்று இரண்டே நாளில் அது கற்றுக்கொண்டது. அவருடைய கொலுசொலியைப் பின்பற்றி அடுக்களைக்கும் முற்றத்துக்கும் தடுமாறாமல் நடந்தது.

புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். உணவின் அளவு, ஊசியின் அளவு. உணவைப் பாதி உண்டால் எவ்வளவு, உண்ணவே இல்லையென்றால் என்ன. தள்ளாட்டம், நடுக்கம், மயக்கம் கண்டால் தேனையோ சர்க்கரைப் பாகையோ ஈறில் தடவ வேண்டும், புரையேறும் ஆதலால் வாய்க்குள் ஊற்றக் கூடாது. உடனே யாரை அழைப்பது. நான் கிடைக்காவிட்டால் சிகிச்சைக்கு ஒப்புதல் தருபவர் யார். செலவுக்கு எவ்வளவு பணம் கொடுத்திருக்கிறேன். ஊசி போட்டதும் மணியைக் குறித்துக் கையெழுத்திட ஒரு கட்டமும் வரைந்தேன். இருவர் உள்ள வீட்டில், மற்றவர் போடவில்லை என்று எண்ணி இரண்டாம் முறை போட்டுவிடும் ஆபத்தை அந்தக் கட்டம் தடுக்கும்.

புனேயில் தமையனார் நலமாகத் தேறினார். இருபத்தோராம் நாள் நாங்கள் வந்து நின்றபோது, பொன்னி முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. என் செருப்போசை கேட்டு எழுந்து வந்து, காலை முகர்ந்து, வாலை ஆட்டியது. பின் திரும்பிப் போய், நார் மிதியடியில் நின்று நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வந்தது. என்னை அது மறக்கவில்லை. அங்கே அது அஞ்சவும் இல்லை. கட்டங்களில் நாற்பது கையெழுத்துகள் இருந்தன. ஏழாம் நாள் மாலைக்கு நேரே, 'பாதிதான் சாப்பிட்டாள். டாக்டரைக் கேட்டு 4 போட்டேன்' என்று அம்மையாரின் எழுத்து.

தருமபுத்திரர் தம்மோடு வந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புக மறுத்த கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நம்மைப் போன்றவர்களுக்குச் சுவர்க்கம் போகும் அவசரம் இல்லை. புனேக்கும் திருமணத்துக்கும் போகும் அவசரமே உண்டு. போகத்தான் வேண்டும். போகும்போது, தன் நோயைத் தானே சொல்ல முடியாத அந்த உயிருக்காக நாம் சொல்லவேண்டிய ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டோமா என்று வாசலில் ஒருமுறை நின்று எண்ணிப் பார்ப்போமாக.