காலப் பயணக் கதைகளில் சிறு மாற்றமும் சான்றாளனும்

காலத்தைக் கடந்து செல்லும் பொறியொன்றை எச். ஜி. வெல்ஸ் 1895-இல் வெளியிட்ட தம் புதினத்தில் படைத்துக் காட்டினார். அப் பொறி எதிர்காலத்தையே நாடிச் சென்றது. இறந்த காலத்திற்குச் செல்லும் கதைகளோ வேறோர் இடர்ப்பாட்டை எழுப்பின. சென்றவன் ஆங்கு ஒன்றனை மாற்றுவானாயின், அதன் விளைவு யாது? புனைகதை ஆசிரியர்கள் இவ் வினாவிற்குத் தந்த விடைகளுள் மூன்றனை ஈண்டுக் காண்போம்.

முதலாவது முரண். பிரெஞ்சு எழுத்தாளர் ரெனே பார்ஜவெல் 1943-இல் வெளியிட்ட புதினத்தில், கதைத்தலைவன் தன் முன்னோன் ஒருவனை, அவனுக்கு மக்கட்பேறு வாய்க்கும் முன்னரே கொன்றுவிடுகின்றான். முன்னோன் மடியின், கொன்றவன் பிறவான். கொன்றவன் பிறவானேல், முன்னோன் மடியான்.

இரண்டாவது வளையம். ராபர்ட் ஹைன்லைன் 1941-இல் வெளியிட்ட கதையொன்றில், எதிர்கால மக்களின் மொழிக்குரிய சொற்பட்டியல் ஏடு ஒன்று வருகின்றது. அது நைந்துபோகவே, கதைத்தலைவன் புதிய ஏட்டில் படியெடுக்கின்றான். தான் முன்பு கற்ற ஏடு அப் படியே என்பதைப் பின்னர் உணர்கின்றான். மூலமும் படியும் ஒன்றே. தொகுத்தவரோ எவரும் இலர். சுவடி ஆராய்வார்க்கு இதனினும் வியப்புடைய நூல் வேறொன்று இராது.

மூன்றாவது சிறு மாற்றம். ரே பிராட்பரியின் 1952-ஆம் ஆண்டுச் சிறுகதையில், டைனோசர் வேட்டைக்குச் சென்ற ஒருவன், அச்சத்தால் பாதையினின்று விலகி, வண்ணத்துப்பூச்சி ஒன்றனை மிதித்துவிடுகின்றான். அவன் மீண்டபோது, தேர்தலில் வென்றவர் வேறொருவர். அறிவிப்புப் பலகையின் எழுத்துக்கூட்டலும் வேறு. சிற்றுயிர் ஒன்றன் இறப்பு ஆட்சியை மட்டுமன்றி மொழியையும் மாற்றியமை நோக்கத்தக்கது.

இக் கதையில் ஓர் ஐயம் எழும். உலகம் முழுதும் மாறியதாயின், பழைய உலகின் நினைவு மட்டும் அவன்பால் எஞ்சியது எவ்வாறு? அளவை நெறிப்படி இது குற்றமே. எனினும், இக் குற்றம் இன்றேல் கதையும் இன்று. பழைய நிலையை நினைவார் ஒருவரும் இலராயின், மாற்றம் எவர்க்கும் புலப்படாது; புலப்படாத இழப்பில் அவலச்சுவை தோன்றாது. ஆகலின், காலப் பயணி மாற்றத்தை விளைத்தவன் மட்டும் அல்லன். மறைந்த உலகிற்கு எஞ்சிய சான்றாளனும் அவனே.

நம் அன்றாடச் செயல்களும் சிறியனவே. அவற்றால் வாராது போன உலகங்களைக் கண்டு கூறுவார் எவரும் இலர். வாழ்க்கையில் நமக்கு வாய்க்காத அச் சான்றாளனைப் படைத்துத் தந்தமையே இக் கதைகளின் பயன் எனலாம்.