புகையும் சுவாசப்பையும்

மன்னார்த் தீவின் அடுக்களைகளிற் பனைமட்டையும் பொச்சுமட்டையும் எரியும் புகையை நாடோறும் உள்வாங்குவோர் நம் அன்னையர். அவர்தம் நீங்கா இருமலை முதுமையின் இயல்பென்று கருதிவிடுகின்றோம். அது பலவிடத்து நாட்பட்ட மூச்சடைப்பு நோயின் குறியாகும்.

புகைத்துகள் சுவாசப்பையிற் படிந்ததும் குருதியின் வெண்குழியங்கள் காவலரைப்போல் அங்கே திரள்கின்றன. இதுவே அழற்சி. அவை சுரக்கும் நொதியங்கள் காற்றறைகளின் மீள்சத்தி நார்களையும் சிதைத்துவிடுகின்றன.

சிதைந்ததைச் செப்பனிட எழுவன வளர்ச்சிக் காரணிகள் என்னும் புரதங்கள். இவ்வினத்தை முதலிற் கண்டறிந்த ஸ்ரான்லி கோகன், றீற்றா லெவி மொந்தால்சீனி ஆகிய இருவரும் 1986இல் நோபல் பரிசு பெற்றனர். பின்னர் அறியப்பட்ட உருமாற்ற வளர்ச்சிக் காரணி பீற்றா, நார்க்கலங்களைத் தூண்டிக் கொலாசன் என்னும் நாரை உண்டாக்குவிக்கும். காயம் ஒருமுறையாயின் அஃது ஆறும்; நாடோறும் புகை படின் அவ்வேலை ஓயாது. சிறு மூச்சுக்குழல்களின் சுவர் தடித்து வழி ஒடுங்கும். ஆற்ற வந்ததே அடைப்பாகின்றது.

இங்ஙனம் தடித்த தழும்பை அகற்றும் மருந்து இன்றளவும் இல்லை. புகையை விலக்கின் நோயின் விரைவு தணியும். ஆகலின் பழைய மாணவ நண்பர்களே, ஊர் செல்லும்போது அன்னையின் அடுப்புக்குப் புகைபோக்கி அமைத்துக் கொடுங்கள்; அவர்தம் இருமலை மருத்துவரிடம் காட்டுங்கள்.