மூடியில 1750, உடம்புல அரை லிட்டர்: பழைய ஜெர்மன் பீர் குவளைக்கு காசு போடும் முன்

போன மாசம் ஒருநாள் ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப் வந்தது. ஆர்ட்டிகிள்ஷிப்ல எனக்கு ஜூனியரா இருந்த தம்பி, இப்போ ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலை.

"அண்ணா, ஃபயான்ஸ் பீர் குவளை. ஈய மூடியில 1750னு வெட்டியிருக்கு. 900 யூரோ. இன்வெஸ்ட்மென்ட்டா எடுத்துடவா?"

அது அவனோட மூணு மாச சேமிப்பு. "பொறு, முதல்ல ஆடிட் பண்ணுவோம்"னு சொன்னேன். நீங்களும் இந்த வரிசையில பாருங்க.

1. மண்: ஃபயான்ஸ் என்பது வெள்ளீய ஆக்சைடு கலந்த வெள்ளை மெருகு பூசிய சாதா மண்பாண்டம். ஹனாவில் 1661-லும் ஃபிராங்க்ஃபர்ட்டில் 1666-லும் பட்டறைகள் தொடங்கின. விளிம்பில் மெருகு உதிர்ந்த இடத்துல மங்கலான மஞ்சளாகவோ சிவப்பாகவோ மண் தெரியணும். டார்ச் அடிச்சா வெளிச்சம் ஊடுருவினால் அது போர்சலின்.

2. வர்ணம்: கோபால்ட் நீலம், மாங்கனீஸ் ஊதா, மஞ்சள், பச்சை, எல்லாம் கையால் தீட்டியது. பூதக்கண்ணாடியில் அச்சுப் புள்ளிகள் தெரிஞ்சா விட்டுடுங்க.

3. மூடி: மூடியின் வருஷம் குவளையின் வருஷம் ஆகாது. ஒரு குவளையின் மூடியை இன்னொன்றில் மாட்டுவது சகஜம். சேகரிப்பாளர்கள் இதுக்கு வெச்ச பேரே 'கல்யாணம்'!

4. குறிகள்: ஜெர்மனியில் லிட்டர் அளவு சட்டப்படி கட்டாயமானது 1872-ல். 'ஜெர்மனி'ன்னு ஆங்கிலத்தில் முத்திரை இருந்தா, பெரும்பாலும் 1887-க்குப் பிந்தைய ஏற்றுமதி சரக்கு.

5. ஒட்டு: புற ஊதா டார்ச் அடிச்சா, பின்னாடி பூசிய பெயிண்ட் தனி நிறமா பளிச்சுனு தெரியும்.

தம்பியை கைப்பிடி பக்கம் போட்டோ எடுக்கச் சொன்னேன். மெருகோடு சேர்த்துச் சுட்ட கோடு, பக்கத்துல '0,5 லி'. மூடி நிஜமாவே 1750-ஆ இருக்கலாம். ஆனா குவளைக்கு அதைவிட 120 வயசாவது கம்மி!

அசலாவே இருந்தாலும் கணக்கு போடுங்க. ஏலத்தில் எடுத்தா, விலைக்கு மேல வாங்குபவர் கமிஷன் பெரும்பாலும் 20 சதவீதத்தைத் தாண்டும். விற்கும்போது ஏல நிறுவனம் மறுபடி கமிஷன் பிடிக்கும். நடுவுல வட்டியும் இல்லை, டிவிடெண்டும் இல்லை. அவசரத்துக்கு நாளைக்கே காசாக்கவும் முடியாது.

அதனால எமர்ஜென்சி ஃபண்ட், இன்சூரன்ஸ், எஸ்ஐபி எல்லாம் முடிச்சு மிச்சமிருக்கும் காசுல, பிடிச்சா மட்டும் வாங்குங்க. அதை முதலீட்டுக் கணக்கில் எழுதாதீங்க, ஆசைக் கணக்கில் எழுதுங்க.

தம்பி வாங்கலை. அந்த 900 யூரோ இன்னும் அவன் அக்கவுண்ட்லயே இருக்கு.