மூடி சொன்ன பாடம்

பள்ளிக்குப் போகாமல் அறிவியல் கற்க முடியுமா? 1907-ஆம் ஆண்டளவில், பாரிஸில் மேரி கியூரியும் நண்பர்களும் தம் குழந்தைகளுக்குத் தாமே பாடம் நடத்தினர். கணிதத்துக்கு லாங்ஜெவின், வேதியியலுக்குப் பெர்ரின், இயற்பியலுக்கு மேரி.

பாத்திரத்திலுள்ள சுடுநீர் ஆறாமலிருக்க என்ன செய்யலாம் என்று ஒருநாள் மேரி கேட்டார். கம்பளி சுற்றலாம் என்றும் வேறு பலவாறும் குழந்தைகள் யோசனை கூறினர். தாமாயிருந்தால் முதலில் மூடியைப் போடுவதாகச் சொன்னார் மேரி!

காரணம் என்ன? 1 கிராம் நீர் ஆவியாகச் சுமார் 540 கலோரி வெப்பம் தேவை. அதைப் பெரும்பாலும் எஞ்சிய நீரே இழக்கிறது. மூடி இவ்விழப்பைக் குறைக்கிறது.

இம்முயற்சி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே நீடித்தது. அதில் பயின்ற மேரியின் மகள் ஐரீன் 1935-இல் நோபல் பரிசு பெற்றார். எல்லாக் குழந்தைகளுக்கும் கியூரி வாய்ப்பதில்லை, பள்ளிதான் வாய்க்கிறது. அங்கே இப்படிக் கேட்க என்ன தடை? நீங்களே இரு டம்ளர்களில் வெந்நீர் ஊற்றி, ஒன்றை மட்டும் மூடிச் சோதித்துப் பாருங்களேன்!