மூளையின் ஆழத்துக்கு எந்த வழியாகப் போகிறார்கள்?

“மூளைக்கு உள்ளாற, ரொம்ப ஆழத்துல இருக்காம்... கை வைக்க முடியாதாம்.”

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஒரு குடும்பம் இப்படிப் பேசிக்கொள்வது புதிதல்ல. ‘ஆழம்’ என்று கேட்டதுமே பாதி நம்பிக்கை போய்விடுகிறது. ஆனால், மூளையின் மையத்தில் இருக்கும் தாலமஸ், மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய 6, 7 செ.மீ.தான். ஒரு விரல் நீளம். அந்த விரல் நீளத்துக்குள் பேச்சு, பார்வை, கை கால் அசைவு எல்லாவற்றுக்குமான நரம்பிழைகள் ஓடுகின்றன என்பதுதான் சிக்கல்.

மக்காச்சோளக் கொல்லைக்கு நடுவில் கிணறு இருந்தால், பயிரை மிதித்துக்கொண்டு யாரும் நேராகப் போக மாட்டார்கள். சுற்றானாலும் வரப்பு மேலேதான் போவார்கள். மூளை அறுவை சிகிச்சை நிபுணர்களும் வரப்பைத்தான் தேடுகிறார்கள். கொல்லையில் மிதிபட்ட பயிரை அடுத்த பட்டத்தில் விதைத்துக்கொள்ளலாம், மூளையில் அது நடக்காது.

மூக்கு வழியே ஒரு பாதை

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்தால், பெரும்பாலும் மண்டையோட்டைத் திறப்பதே இல்லை. மூக்குத் துவாரம் வழியே மெல்லிய எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, பின்னால் இருக்கும் எலும்பறையைத் திறந்து, கீழிருந்து கட்டியை எடுக்கிறார்கள். மூளையைத் தொடாமலே மூளைக்கடியில் போய்விடலாம். 1907-இல் ஆஸ்திரியாவின் ஹெர்மன் ஷ்லோஃபர் மூக்கு வழியாக முதலில் இதைச் செய்தார். எண்டோஸ்கோப் வந்தபின் வழி இன்னும் சுருங்கிவிட்டது. மூளையைச் சுற்றியுள்ள நீர் மூக்கு வழியே கசிவது இதில் முக்கியமான ஆபத்து. ஆபரேஷனுக்குப் பிறகு மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரி சொட்டினால் ‘சளிதான்’ என்று விட்டுவிடக் கூடாது.

மூளையின் நடுவே உள்ள நீரறைகளில் கட்டி என்றால் வேறு வரப்பு. வலது, இடது அரைக்கோளங்களுக்கு இடையே இயற்கையாகவே இருக்கும் பிளவில் இறங்கி, இரண்டையும் இணைக்கும் நரம்புப் பாலத்தில் சிறு கீறல் போட்டு உள்ளே போகலாம். மூளையின் பக்கவாட்டு மடிப்பான சில்வியன் பிளவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இழை இழையாகப் பிரித்து இறங்குவது இன்னொரு வழி. இதற்குத்தான் மணிக்கணக்கில் நேரம் பிடிக்கிறது. வெளியே காத்திருப்பவர்கள் “இவ்ளோ நேரமா?” என்று பதறினாலும், அந்த நேரத்தில் பெரும்பகுதி கட்டியை எடுப்பதில் போகாது, அதனிடம் போய்ச் சேர்வதிலேயே போகும்.

சென்னையில் 60 வருடங்களுக்கு முன்பே

திறக்காமல், ஊசியளவு பாதையில் போவதும் உண்டு. தலையில் உலோக வளையத்தைப் பொருத்தி, இலக்கு எங்கே என்பதை மூன்று அளவுகளாகக் குறித்து, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய துளை வழியே கருவியை அனுப்பும் ஸ்டீரியோடாக்டிக் முறை அது. 1960-களிலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், டி.எஸ். கனகா ஆகியோர் இதைச் செய்தார்கள். சி.டி. ஸ்கேனே இல்லாத காலம்! நீரறைகளுக்குள் காற்றையோ சாயத்தையோ செலுத்தி, எக்ஸ்ரே எடுத்து, அதை வைத்து ஆழத்தைக் கணக்கிட்டார்கள். ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர்களில் ஒருவரான கனகா, 1975-இல் மூளைக்குள் நீண்டகாலம் இருக்கும் மின்முனைகளைப் பொருத்தினார். இன்று பார்க்கின்சன் நடுக்கத்துக்குச் செய்யும் ‘டீப் பிரெய்ன் ஸ்டிமுலேஷன்’ சிகிச்சையிலும் 1.3 மி.மீ. தடிமன்கூட இல்லாத கம்பிதான் உள்ளே போகிறது. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது என்பதால், பல நேரம் நோயாளி விழித்தபடி பேசிக்கொண்டே இருப்பார்.

போக முடிந்தால் போகணுமா?

கட்டியைவிட அதிகம் பேரைத் தாக்குவது, பி.பி.யால் ஆழத்தில் ஏற்படும் ரத்தக்கசிவு. மாத்திரையை நடுவில் நிறுத்தியவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். “ரத்தத்த உறிஞ்சி எடுத்துட்டா சரியாயிடும்ல?” என்று உறவினர்கள் கேட்பார்கள். பதில் அவ்வளவு எளிதல்ல. நரம்பிழைகளுக்கு ஊடே மெல்லிய குழாயைச் செலுத்தி ரத்தத்தை எடுக்கும் முறையை 300 பேரிடம் சோதித்த அமெரிக்க ஆய்வு 2024-இல் வெளியானது. மேற்பகுதிக் கசிவில் பலன் தெரிந்தது. ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியா கசிவில் பலன் தெரியாததால், அந்த வகை நோயாளிகளைச் சேர்ப்பதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். எனவே ‘ஆபரேஷன் வேண்டாம், கண்காணிப்போம்’ என்று டாக்டர் சொன்னால், அது கைவிட்டதாக அர்த்தமில்லை. அதேசமயம் கசிவு நீரறைக்குள் இறங்கி, நீர் தேங்கி அழுத்தம் ஏறினால், குழாய் வைத்து வடிப்பது உயிரைக் காப்பாற்றும். அதற்கு நேரம் முக்கியம்.

இரு மாவட்டத்தினருக்கும் அந்த நேரம்தான் கவலை. அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆனாலும் சிக்கலான மூளை ஆபரேஷன் என்றால் பெரம்பலூரிலிருந்து ஏறக்குறைய 60 கி.மீ. தள்ளி திருச்சிக்கோ, அரியலூரிலிருந்து கொள்ளிடம் தாண்டி தஞ்சாவூருக்கோ, அல்லது சென்னைக்கோதான் பலர் போகிறார்கள். திடீரென வாய் கோணி, கை கால் விழுந்துபோனால், ‘காலையில பாத்துக்கலாம்’ என்று இருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

கட்டி என்றால் யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் உண்டு. டாக்டரிடம் “எடுக்க முடியுமா?” என்பதோடு, “எந்த வழியா போவீங்க, அந்த வழியில என்ன பாதிக்கப்படலாம்?” என்றும் கேட்கலாம். செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடமிருக்கிறதா என்று ஆஸ்பத்திரியிலேயே விசாரிக்கலாம். இரண்டாவது கருத்துக்கு வேறு ஊர் போகும்போது, ஃபிலிமைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது. ஸ்கேன் சென்டரில் சி.டி. தட்டோ பென் டிரைவோ கேட்டு, முழுப் படங்களையும் வாங்கிக்கொள்ள வேண்டும். பாதை போடுகிற கம்ப்யூட்டருக்கு அந்த ஃபைல்தான் வேண்டும்.