ஜாவாஸ்கிரிப்ட்கோர்: ஜிட் இருந்தும் இல்லாமலும்

ஜாவாஸ்கிரிப்ட்கோர் என்பது ஆப்பிளின் சஃபாரி உலாவிக்கு அடிப்படையான வெப்கிட்டின் ஜாவாஸ்கிரிப்ட் இயக்குபொறி ஆகும். கேடிஈ திட்டத்தின் கேஜேஎஸ் பொறியிலிருந்து இது கிளைத்தது. ஒரகடம்–ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பட்டையில், சுங்குவார்சத்திரத்தில் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் உருவாகும் ஐபோன்களிலும் இதுவே இயங்குகிறது.

நிரல் முதலில் பைட்குறியாக மாற்றப்படுகிறது. அதை எல்எல்இன்ட் எனும் வரிமொழிமாற்றி (இன்டர்பிரெட்டர்) ஒவ்வொன்றாகப் படித்துச் செயல்படுத்தும். ஒரு செயற்கூறு ஏறத்தாழ 6 முறை அழைக்கப்பட்டால், அல்லது அதிலுள்ள மடக்கு 100 முறை சுழன்றால், 'பேஸ்லைன்' எனும் உடனடித் தொகுப்பி (ஜிட்) அதை இயந்திரக் குறியாக மாற்றுகிறது. மேலும் சூடேறும் செயற்கூறுகள் டிஎஃப்ஜி, எஃப்டிஎல் ஆகிய அடுக்குகளுக்கு ஏறும்.

எல்எல்இன்ட், 'ஆஃப்லைன்-அசெம்' எனும் தனி மொழியில் எழுதப்பட்டது. ரூபி நிரல் ஒன்று அதைச் செயலிக்குரிய அசெம்பிளியாகவோ சி++ நிரலாகவோ மாற்றித் தரும். இரண்டாவது வடிவமே சி-லூப். அசெம்பிளிப் பின்தளம் இல்லாத செயலிகளுக்கு இது உதவும். ஆனால் வேகம் குறைவு. ஜிட்டும் சி-லூப்பும் ஒரே கட்டமைப்பில் சேர்ந்திருக்க முடியாது. இங்கே பலர் தடுமாறுகிறார்கள்: ஜிட்டை நிறுத்தினால் சி-லூப்புக்குப் போயாக வேண்டும் என்பதில்லை. அசெம்பிளி எல்எல்இன்ட் ஜிட் இன்றித் தனியாகவே ஓடும். பெரும்பாலும் அதுவே நல்ல தேர்வு. மென்பொருளைத் தொகுத்து முடித்த பின்னரும் சூழல் மாறி ஒன்றின் மூலம் ஜிட்டை அணைக்கலாம்.

வேகத்தை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? ஜிட்டுக்கு, எழுதவும் இயக்கவும் கூடிய நினைவகம் தேவை. ஊடுருவுவோர் தேடுவதும் அதையே. குரோமின் வி8 பொறியில் 2019-க்குப் பின் பதிவான பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 45 விழுக்காடு ஜிட் சார்ந்தவை என 2021-இல் மைக்ரோசாஃப்ட்டின் எட்ஜ் குழு குறிப்பிட்டது. 2022 செப்டம்பரில் ஐஓஎஸ் 16-உடன் வந்த 'லாக்டவுன் மோட்' வெப்கிட்டில் ஜிட்டை அணைக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் ஐபோன் 14 தயாரிப்பு தொடங்கியதாக ஆப்பிள் அறிவித்ததும் அதே மாதம்தான். 2023 அக்டோபரில் இந்திய எதிர்க்கட்சித் தலைவர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் ஆப்பிளின் உளவுத் தாக்குதல் எச்சரிக்கை வந்தபோது, இந்த வசதி இங்கும் பேசுபொருளானது.

ஜிட் இல்லாத இயக்கம் ஐபோனுக்குப் புதிதல்ல. இப்பொறியைத் தம்முள் நேரடியாக இணைத்துக்கொள்ளும் பிற செயலிகளுக்கு ஆப்பிள் வழக்கமாக ஜிட் அனுமதி தருவதில்லை. அவை எல்எல்இன்ட்டிலேயே ஓடுகின்றன. தேடல் கோவைகளுக்கான 'யார்' பகுதிக்கும் தனி ஜிட் உண்டு. அது அணைந்தால், நீண்ட உரையில் தேடும் பக்கங்களில் மந்தம் தெரியும்.